ஹ்லுச்சீன் மாவட்டம்: பேசியது செக், வாக்களித்தது ஜெர்மனிக்கு

செக் குடியரசின் வடகிழக்கு மூலையில், ஓபவா ஆற்றுக்கும் போலந்து எல்லைக்கும் இடையே, சுமார் 316 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சிறு நிலப்பகுதி இருக்கிறது. மேற்கே ஓபவா நகரம், கிழக்கே நிலக்கரிக்கும் எஃகுக்கும் பெயர்பெற்ற ஓஸ்ட்ரவா. நடுவில் வயல்களும் செங்கல் வீடுகளும் உயரமான தேவாலயக் கோபுரங்களும் கொண்ட கிராமங்கள். 1920 முதல் 1938 வரையிலும், பிறகு 1945 முதல் 1960 வரையிலும் இந்தப் பகுதி ஹ்லுச்சீன் என்ற பெயரில் தனி மாவட்டமாக இருந்தது. ஜெர்மானியர் அதை ஹுல்ட்ஷின் என்றார்கள். இன்று அந்த மாவட்டம் இல்லை.

செக் மொழியும் ஜெர்மனும் அருகருகே புழங்கிய மாவட்டங்கள் செக் நாட்டின் பெரும் பகுதிகளான பொஹீமியாவிலும் மோராவியாவிலும் நிறைய இருந்தன. அவற்றின் கதை பெரும்பாலும் ஒரே வார்ப்பு: ஜெர்மன் பேசியவர்கள் வியன்னாவையோ பெர்லினையோ நோக்கினார்கள், செக் பேசியவர்கள் செக் தலைநகரான பிராகாவை நோக்கினார்கள், இடையில் தகராறு. ஹ்லுச்சீன் அந்த வார்ப்புக்குள் அடங்காது. இங்கே மிகப் பெரும்பாலான வீடுகளில் பேசப்பட்டது செக்கின் ஒரு வட்டார வழக்கு. ஆனால் அந்த வீடுகளிலிருந்து வாக்குச்சாவடிக்குப் போனவர்கள் இரண்டு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலம் முழுவதும் பெரும்பாலும் ஜெர்மன் கட்சிகளுக்கே வாக்களித்தார்கள். செக் நாளிதழ்கள் இதைத் துரோகம் என்றன, அல்லது ஜெர்மன் அரசுகளில் பெரியதான பிரஷ்யா செய்த மூளைச்சலவை என்றன. ஜெர்மன் நாளிதழ்கள் இதை ஜெர்மானிய உள்ளத்தின் வெற்றி என்றன. இரண்டும் சோம்பேறித்தனமான விளக்கங்கள். சம்பளம், பள்ளி, பட்டாளம், பங்குத்தந்தை என்ற நான்கையும் வைத்துப் பார்த்தால் இந்த மக்களின் முடிவு விளங்குகிறது. அதில் மர்மம் எதுவும் இல்லை.

ஆற்றில் விழுந்த கோடு

1740-இல் மரியா தெரேசா ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் அரியணை ஏறினார். அதே ஆண்டு பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரெடரிக் ஆஸ்திரியாவின் வசமிருந்த சைலீசியா மாகாணத்துக்குள் படையோடு நுழைந்தார். 1742 ஜூனில் பிரெஸ்லாவில் முதல்நிலை உடன்பாடும், ஜூலையில் பெர்லினில் முழு ஒப்பந்தமும் கையெழுத்தாயின. சைலீசியாவின் பெரும்பகுதி பிரஷ்யாவுக்குப் போனது. தெற்கு ஓரம் மட்டும் ஆஸ்திரியாவிடம் நின்றது. இந்தப் பகுதியில் எல்லையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஓபவா ஆறு. ஓபவா நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பழைய சிற்றரசு இரண்டாக வெட்டுப்பட்டது. தென்கரை ஆஸ்திரியாவில் இருந்தது, வடகரை பிரஷ்யாவுக்குள் போனது. வடகரையில் மாட்டிக்கொண்ட கிராமங்கள்தான் பின்னாளில் ஹ்லுச்சீன் மாவட்டம்.

எல்லை போட்டவர்கள் ஒன்றை மாற்றவில்லை, அது திருச்சபையின் எல்லை. வடகரைக் கிராமங்கள் பிரஷ்ய மன்னருக்கு வரி கட்டின, ஆனால் அவற்றின் ஆயர் ஆஸ்திரியப் பக்கம் ஓலோமோட்ஸில் இருந்தார். ஓலோமோட்ஸ் 1777-இல் உயர் மறைமாவட்டமான பிறகும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. பிரஷ்யாவுக்குள் விழுந்த பங்குகளைக் கவனிக்கக் காட்ஷர் என்ற சிறுநகரில் உயர் மறைமாவட்டத்தின் பிரதிநிதி ஒருவர் இருந்தார். மறைக்கல்வியும் பாவசங்கீர்த்தனமும் பாட்டும் மக்களின் மொழியிலேயே நடந்தன. அந்த மொழியை மக்களும் அரசும் மோராவிய மொழி என்றே அழைத்தார்கள். பிரஷ்ய மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அது தனிப் பிரிவு. 178 ஆண்டுகள் பிரஷ்ய ஆட்சியில் இருந்தும் அந்தப் பேச்சு அழியாமல் இருந்ததற்கு முதன்மைக் காரணம் பீடத்தில் நின்ற குரு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆக, இரு அதிகாரங்கள் இரு திசையில் இழுத்தன. ஆனால் மக்கள் அதை இழுபறியாக உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மொழி, ராணுவ முகாமுக்கும் வேலைக்கும் இன்னொரு மொழி என்று வாழ்க்கை அமைந்துவிட்டது. அப்படி வாழ்ந்தவர்களிடம் 'நீ யார்' என்று கேட்டால், 'மோராவியன், பிரஷ்யக் குடிமகன்' என்று ஒரே மூச்சில் பதில் வரும். தேசிய இனம் என்ற கேள்வி ஐரோப்பாவில் சூடு பிடிப்பதற்கு முன்பே இந்தப் பதில் அங்கே உறைந்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பகுதி ராட்டிபோர் மாவட்டத்தின் தென்பாகமாக இருந்தது. வயல் வருமானம் குடும்பத்தைக் காப்பாற்றப் போதாது. ஆகவே ஆண்கள் கொத்தனார்களாகவும் கட்டடத் தொழிலாளர்களாகவும் ஜெர்மனியின் நகரங்களுக்குப் பருவந்தோறும் போனார்கள். வேறு சிலர் துணிமூட்டையைத் தோளில் போட்டு ஊர் ஊராக வியாபாரம் செய்தார்கள். கிழக்கு ஓரத்தில் பெட்ர்ஷ்கோவிட்சேயில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. ஷில்ஹெர்ஷோவிட்சே, ஹ்லுச்சீன் பண்ணைகளை 1840-களில் வாங்கிய வியன்னாவின் ராத்சைல்டு வங்கிக் குடும்பத்தின் கைக்கு அதுவும் வந்தது. சுரங்கத்துக்கு ஆன்செல்ம் என்ற பெயரே அந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான். ஆனாலும் கிராமத்தின் பணம் பெரும்பாலும் வெளியூரிலிருந்து, மார்க் நாணயத்தில் வந்தது. எல்லைக்கு அப்பால் தென்கரையில் கிடைத்திருக்கக்கூடிய ஆஸ்திரிய நாணயத்துக்கும் இந்த வாழ்க்கைக்கும் சம்பந்தம் இல்லை.

1870-களில் ஜெர்மன் அரசின் தலைமையமைச்சர் பிஸ்மார்க் கத்தோலிக்கத் திருச்சபையோடு மோதினார். அதே காலத்தில் மேல் சைலீசியாவின் தொடக்கப் பள்ளிகளில் ஜெர்மன் ஒன்றே பயிற்றுமொழி ஆக்கப்பட்டது. வேறோர் இடமாக இருந்தால் இந்தக் கட்டத்தில் மொழிப் போராட்டம் வெடித்திருக்கும். இங்கே மதப் போராட்டம்தான் நடந்தது. மக்கள் தங்களுடைய குருமாரின் பின்னே நின்றார்கள். குருமார் கத்தோலிக்க மையக் கட்சியின் பின்னே நின்றார்கள். அந்தக் கட்சியோ ஜெர்மன் கத்தோலிக்கர்களின் கட்சி. அதாவது அரசோடு சண்டை போட்டதன் மூலமாகவே இவர்கள் ஜெர்மன் அரசியலுக்குள் இன்னும் ஆழமாகப் போனார்கள். இந்த வழக்கில் எனக்கு மிகச் சுவையாகத் தோன்றும் முரண் இதுதான்.

தென்கரையில் அதே காலத்தில் செக் தேசிய இயக்கம் பள்ளிச் சங்கம், வாசகசாலை, சேமிப்பு வங்கி, உடற்பயிற்சிக் கழகம் எனக் கிளைபரப்பியது. ஆற்றைத் தாண்டி வடக்கே அது வரவில்லை. அதை நடத்தக்கூடிய செக் வழக்கறிஞர், ஆசிரியர், வணிகர் என்ற நடுத்தர வர்க்கம் வடகரையில் உருவாகவே இல்லை. படித்து முன்னேறிய பையன் ஒன்று குருவானான், இல்லையென்றால் ஜெர்மன் அதிகாரியானான்.

பாரிஸில் ஒரு வாதம்

1918 அக்டோபரில் செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. பாரிஸ் அமைதி மாநாட்டில் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் பெனெஷ் தலைமையில் பேசிய செக் தரப்பு ஜெர்மனியிடமிருந்தும் நிலம் கேட்டது. கேட்டது நிறைய, கிடைத்தது ராட்டிபோர் மாவட்டத்தின் தென்பாகம் மட்டும். அங்குள்ள மக்கள் மொழியால் செக்குகள், ஆகவே அவர்கள் செக்கோஸ்லோவாக்கியாவில் சேர வேண்டும் என்பதே வாதம். வேர்சாய் ஒப்பந்தத்தின் 83-ஆம் பிரிவு இந்தப் பகுதியை ஒதுக்கியது. 84-ஆம் பிரிவின்படி அங்கே வழக்கமாக வசித்துவந்த ஜெர்மன் குடிமக்கள் தாமாகவே செக்கோஸ்லோவாக்கியக் குடிமக்கள் ஆனார்கள். வேண்டாம் என்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஜெர்மன் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அதன் பின் 12 மாதங்களுக்குள் பெட்டி படுக்கையோடு ஜெர்மனிக்குக் குடிபெயர வேண்டும் என்றது 85-ஆம் பிரிவு.

மக்களின் கருத்தை அதிகாரபூர்வமாக யாரும் கேட்கவில்லை. மேல் சைலீசியாவின் மற்றப் பகுதிக்கு 1921 மார்ச் 20 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. போலந்தா ஜெர்மனியா என்று அங்கே கேட்டார்கள். ஹ்லுச்சீனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒப்பந்தம் நடைமுறைக்கு வருமுன்பே உள்ளூரில் ஜெர்மன் தரப்பு தானாக ஒரு வாக்கெடுப்பை நடத்திக் காட்டியது. மிகப் பெரும்பான்மையினர் ஜெர்மனியிலேயே இருக்க விரும்புவதாக அதன் முடிவு சொன்னது. ஒரு தரப்பே நடத்திய வாக்கெடுப்பு என்பதால் எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதைப் பின்னால் நடந்த ரகசிய வாக்கெடுப்புத் தேர்தல்களும் உறுதி செய்தன.

காரணங்களைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். நாட்டின் தலைநகரிலிருந்து வந்த செய்தி ஒன்றே ஒரு பக்தியுள்ள கத்தோலிக்கக் கிராமத்தைக் கலங்கடிக்கப் போதும். 1918 நவம்பர் 3 அன்று பிராகாவின் பழைய நகரச் சதுக்கத்தில் நின்ற மரியன்னைத் தூணை ஒரு கூட்டம் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தது. 1920 ஜனவரியில் குருமாரில் ஒரு பகுதியினர் ரோமிலிருந்து பிரிந்து செக்கோஸ்லோவாக்கியத் திருச்சபையைத் தொடங்கினார்கள். புதிய குடியரசின் அடையாள நாயகன் யான் ஹுஸ், கத்தோலிக்கத் திருச்சபை எரித்த மனிதர். ஹ்லுச்சீன் விவசாயிக்கு இது மொழி ஒற்றுமையாகத் தெரியவில்லை, நாத்திகர்களின் நாடாகத் தெரிந்தது. அதோடு நேற்று வரை அவன் மகன் பிரஷ்யச் சீருடையில் போரிட்டிருந்தான். கிராமத்தில் இழவு விழுந்த வீடுகள் எல்லாம் பிரஷ்யப் படைக்காக இழவு விழுந்த வீடுகள்.

1920 பிப்ரவரி 4

அன்று செக்கோஸ்லோவாக்கியப் படை உள்ளே வந்தது. சுமார் 48,000 மக்கள் ஒரே நாளில் நாடு மாறினார்கள். ஹாட், பீஷ்ட் என்ற இரண்டு கிராமங்கள் மட்டும் எல்லைக் குழுவின் இழுபறிக்குப் பிறகு 1923-இல் வந்து சேர்ந்தன. பகுதி முழுவதும் ஹ்லுச்சீன் மாவட்டமாக அமைக்கப்பட்டது. சிறப்பு அதிகாரம் பெற்ற ஆணையர் ஒருவரை அரசு நியமித்தது. மற்றச் செக் மாவட்டங்களுக்கு இல்லாத இந்த ஏற்பாடே அரசு இந்த மக்களை எப்படிப் பார்த்தது என்பதைக் காட்டுகிறது. மீட்டுக்கொண்டுவந்த சகோதரர்கள் என்று மேடையில் சொன்னார்கள், நம்பத்தகாதவர்கள் என்று கோப்பில் எழுதினார்கள்.

கோப்பு எழுதியவர்கள், வகுப்பு எடுத்தவர்கள், வீதியில் ரோந்து போனவர்கள் எல்லோரும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். பழைய ஜெர்மன் அதிகாரிகள் போய்விட்டார்கள். உள்ளூரில் எழுத்துச் செக் தெரிந்த ஆள் இல்லை. மக்கள் கையில் இருந்த மோராவியப் பாட்டுப் புத்தகங்கள் கோதிக் எழுத்தில் அச்சானவை, புதிய ஆசிரியர் கொண்டுவந்த பாடநூல் லத்தீன் எழுத்தில். பேச்சு ஒன்றாக இருந்தாலும் எழுத்து அந்நியமாக இருந்தது. உள்ளூர் வழக்கைக் கேட்டு வெளியூர் அதிகாரி சிரித்தார். அதிகாரியின் 'சுத்தமான' செக்கைக் கேட்டு உள்ளூர்க்காரர் முகம் சுளித்தார்.

இந்த மாவட்டத்தின் உண்மையான போர்க்களம் பள்ளிக்கூடம். வந்த வேகத்தில் அரசு ஜெர்மன் பள்ளிகளைச் செக் பள்ளிகளாக மாற்றியது. உண்மையாகவே ஜெர்மன் பேசிய சுடிட்சே, ட்ர்ஷெபோம் போன்ற வடமேற்கு ஓரக் கிராமங்களிலும் ஹ்லுச்சீன் நகரத்திலும் மட்டும் ஜெர்மன் வகுப்புக்கு இடம் விடப்பட்டது. மற்றக் கிராமங்களில் பெற்றோர் மனுமேல் மனு போட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஜெர்மன் வேண்டும் என்றார்கள். அரசின் பதில் ஒன்றே: நீங்கள் செக்குகள், செக்குகளின் பிள்ளைகள் செக் பள்ளியில்தான் படிக்க வேண்டும்.

கவனித்துப் பாருங்கள், செக்கோஸ்லோவாக்கியா சிறுபான்மையினருக்குக் கஞ்சத்தனம் காட்டிய நாடு அல்ல. 1920 பிப்ரவரி 29-இன் மொழிச் சட்டம், ஒரு நீதிமன்ற வட்டாரத்தில் 20 சதவீதம் பேர் வேறு மொழியினராக இருந்தால் அரசு அலுவலகத்தில் அந்த மொழியில் மனுக்கொடுக்க உரிமை தந்தது. மற்ற ஜெர்மன் பகுதிகளில் ஜெர்மன் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் இயங்கின, பிராகாவில் ஜெர்மன் பல்கலைக்கழகமே இருந்தது. ஹ்லுச்சீன்காரருக்கு அந்த உரிமைகள் கிடைக்காமல் போனதற்குக் காரணம் சட்டம் அல்ல, கணக்கெடுப்பு. 1921 கணக்கெடுப்பில் தேசிய இனத்தின் முதன்மை அடையாளமாகத் தாய்மொழி கொள்ளப்பட்டது. வீட்டில் மோராவிய வழக்கு பேசுகிறவர் தன்னை ஜெர்மானியர் என்று சொன்னால் கணக்கெடுப்பாளர் ஏற்க வேண்டியதில்லை. மாவட்டத்தின் பெரும்பான்மை 'செக்கோஸ்லோவாக்கியர்' என்று பதிவானது. அந்தப் பதிவு பள்ளியை முடிவு செய்தது, அலுவலக மொழியை முடிவு செய்தது.

சரி, பெற்றோருக்கு ஏன் அத்தனை பிடிவாதம்? பிள்ளை வளர்ந்து ஜெர்மனியில் கொத்து வேலைக்குப் போக வேண்டும், அதற்கு ஜெர்மன் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். தாத்தா காலத்திலிருந்து குடும்பம் சோறு தின்றது அந்த வழியில். இதில் இனப்பெருமை கொஞ்சம் இருந்திருக்கலாம், பெரும்பங்கு கணக்குதான். பள்ளி தராததைப் பெற்றோர் தாங்களே ஏற்பாடு செய்தார்கள். மாலையில் வீடுகளில் ஜெர்மன் தனிவகுப்பு நடந்தது. அதிகாரிகள் அதையும் தடுத்தார்கள். போலீஸ் வீட்டுக்கு வந்து ஜெர்மன் அரிச்சுவடியைத் தேடியது. இப்படித் தேடும் ஒரு அரசை அதே மொழி பேசுகிற காரணத்துக்காக நேசிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களின் அப்பாவித்தனத்தை என்ன சொல்வது!

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். புதிய அரசு பள்ளிக் கட்டடங்கள் கட்டியது, படித்த ஆசிரியர்களை அனுப்பியது. அந்த ஆசிரியர்களில் பலர் உண்மையான ஆர்வத்தோடு நூலகம் நடத்தினார்கள், நாடகம் போட்டார்கள். அவர்களிடம் படித்து வளர்ந்த இளந்தலைமுறையில் ஒரு பகுதி செக் உணர்வோடு வளர்ந்தது. 18 ஆண்டுகள் போதவில்லை என்பதே விஷயம். அரசியலும் அவகாசம் தரவில்லை. 1928-இல் சைலீசிய மாகாணமே மோராவியாவோடு இணைக்கப்பட்டபோது ஓபவா தன் தலைநகர் அந்தஸ்தை இழந்தது. அதற்குப் பிறகு பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. எல்லையும் சுங்கமும் நாணய வேறுபாடும் ஏற்கெனவே பருவகால வேலையை நெரித்திருந்தன. 1933-க்குப் பின் எல்லைக்கு அப்பால் ஜெர்மனியில் வேலை இருந்தது, இப்பால் இல்லை. எல்லை தாண்டி வேலைக்குப் போன ஒவ்வொரு ஆணும் சனிக்கிழமை கூலியோடு சேர்த்து ஜெர்மனி செழிக்கிறது என்ற செய்தியையும் கொண்டுவந்தான். பிரசாரத்துக்கு ஹிட்லர் இதற்கு மேல் செலவு செய்ய வேண்டியிருக்கவில்லை. 1935 நாடாளுமன்றத் தேர்தலில் சுடெட்டன் என்று அழைக்கப்பட்ட எல்லைப் பகுதிகளில் வாழ்ந்த ஜெர்மானியருக்காகக் கொன்ராட் ஹென்லைன் நடத்திய சுடெட்டன் ஜெர்மன் கட்சி இந்த 'செக்' மாவட்டத்தில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றது.

இடையில் ஒரு சிறு குறிப்பு. மாவட்டத்தின் மேட்டுக்குடிக்கு எல்லை வேறுவிதமாக வலித்தது. லண்டனில் ஜெர்மனியின் தூதராக 1914 வரை இருந்து, போரைத் தவிர்க்க முயன்றதற்காகத் தன் நாட்டிலேயே தூற்றப்பட்ட இளவரசர் கார்ல் மாக்ஸ் லிஹ்னோவ்ஸ்கியின் குஹெல்னா மாளிகை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1928-இல் அவர் அங்கேயே இறந்தார். பிரஷ்யாவின் பிரபு, செக்கோஸ்லோவாக்கிய மண்ணில்.

சில மாதம் கொண்டாட்டம், ஆறு ஆண்டு விலை

1935 முதல் செக்கோஸ்லோவாக்கியா தன் வடக்கு எல்லையில் கான்கிரீட் கோட்டைகள் கட்டியது. ஹ்லுச்சீனுக்கு அருகே டார்கோவிச்கியில் அவற்றில் சில இன்றும் அருங்காட்சியகமாக நிற்கின்றன. எல்லைப் பகுதிகளை ஜெர்மனிக்குக் கொடுத்த மியூனிக் உடன்பாட்டுக்குப் பிறகு 1938 அக்டோபரில் அவை ஒரு குண்டுகூடச் சுடாமல் கைமாறின. ஜெர்மன் படை உள்ளே வந்தபோது கிராமங்களில் கொடிகளும் பூக்களும் இருந்தன. அதை மறைப்பதில் பயனில்லை. அந்த மகிழ்ச்சி நாஜிக் கொள்கையின் மேல் கொண்ட காதலா, பழைய பிரஷ்யா திரும்பிவிட்டது என்ற நம்பிக்கையா என்று கேட்டால், பெரும்பாலோருக்கு இரண்டாவது என்பேன். அவர்கள் எதிர்பார்த்தது வில்லியம் கைசரின் நாடு. வந்தது வேறு.

ஹிட்லர் அரசு ஹ்லுச்சீனைச் சுடெட்டன் மாகாணத்தோடு வைக்கவில்லை. 1920-க்கு முன் இருந்தபடியே ராட்டிபோர் மாவட்டத்தோடு, அதாவது பழைய ஜெர்மனியோடு சேர்த்தது. முன்பு ஜெர்மன் குடியுரிமை வைத்திருந்தவர்களும் அவர்கள் வாரிசுகளும் மீண்டும் ஜெர்மன் குடிமக்கள் ஆனார்கள். 1938 நவம்பர் 20 அன்று இரு நாடுகளும் செய்த குடியுரிமை ஒப்பந்தம் அதை உறுதி செய்தது. இந்தச் சட்ட விவரம் உலர்ந்ததாகத் தோன்றலாம், ஆனால் ஆயிரக்கணக்கான உயிர்கள் இதில் தொங்கின. ஆற்றுக்கு அப்பால் ஓஸ்ட்ரவாவில் செக் பேசிய சுரங்கத் தொழிலாளி 1939 மார்ச்சுக்குப் பிறகு, ஜெர்மனி ஆக்கிரமித்த செக் பகுதியான 'பாதுகாப்புப் பிரதேசத்தின்' குடி. அவனை ஒடுக்கினார்கள், வேலை வாங்கினார்கள், ஆனால் ஜெர்மன் ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்கவில்லை. சில கிலோமீட்டர் தள்ளி, ஏறக்குறைய அதே பேச்சைப் பேசிய ஹ்லுச்சீன் இளைஞன் முழுக் குடிமகன். முழுக் குடிமகனுக்கு ராணுவ அழைப்பாணை வரும்.

சுமார் 12,000 ஆண்கள் ஜெர்மன் ராணுவத்துக்குப் போனார்கள். அவர்களில் சுமார் 3,000 பேர் திரும்பவில்லை. ஐம்பதாயிரத்தைச் சுற்றி மக்கள்தொகை கொண்ட ஒரு பகுதிக்கு இது எத்தகைய இழப்பு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளும் ஏமாற்றம் வந்தது. கத்தோலிக்கச் சங்கங்களை ஆட்சி நசுக்கியது, மோராவிய மொழி வழிபாட்டை வெறுப்போடு பார்த்தது. பிரஷ்ய மன்னர்கள் விட்டுவைத்ததை நாஜிகள் விட்டுவைக்கத் தயாராக இல்லை.

1945 ஏப்ரலில் ஓஸ்ட்ரவாவைப் பிடிக்க வந்த செம்படை இந்தக் கிராமங்கள் வழியாகத்தான் வந்தது. செக்கோஸ்லோவாக்கியா கட்டிய அதே கோட்டைகளிலிருந்து ஜெர்மானியர் அவர்களைச் சுட்டார்கள். பல கிராமங்கள் சிதைந்தன.

பழைய வாதமே காப்பாற்றியது

1945 ஆகஸ்ட் 2 தேதியிட்ட குடியரசுத் தலைவர் பெனெஷின் ஆணை ஜெர்மானியரின் செக்கோஸ்லோவாக்கியக் குடியுரிமையைப் பறித்தது. நாடெங்கும் சுமார் முப்பது லட்சம் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டார்கள். காகிதப்படி பார்த்தால் ஹ்லுச்சீன்காரர்கள் ஜெர்மன் குடிமக்கள், ஜெர்மன் ராணுவ வீரர்கள், ஹென்லைனுக்கு வாக்களித்தவர்கள். மூன்று குற்றமும் பொருந்தும். அவர்களையும் அனுப்பிவிட வேண்டும் என்று பேசியவர்கள் இருந்தார்கள்.

ஆனால் பெரும்பாலோர் தங்கினார்கள். 1919-இல் பாரிஸில் இதே பெனெஷ், இவர்கள் செக்குகள் என்று வாதாடித்தான் நிலத்தை வாங்கியிருந்தார். 1945-இல் அவர்களை ஜெர்மானியர் என்று விரட்டினால் அந்த வாதம் பொய்யாகிவிடும். அதுமட்டுமல்ல, 1945 கோடையில், போலந்தின் கைக்கு வந்திருந்த ராட்டிபோர் பக்கத்தையும் பிராகா கேட்டுக்கொண்டிருந்தது. அங்கும் மோராவிய வழக்கு பேசும் கிராமங்கள் இருந்தன, அதே மொழிக் காரணம்தான் அங்கும். ஓஸ்ட்ரவாவின் ஆலைகளுக்கும் வயல்களுக்கும் ஆள் வேண்டும் என்ற கணக்கும் கூடவே இருந்தது. ஆகவே அரசு இவர்களை 'ஜெர்மனாக்கப்பட்ட செக்குகள்' என்று வகைப்படுத்தியது. விருப்பத்துக்கு மாறாக அவர்கள்மேல் ஒட்டப்பட்டிருந்த முத்திரை இப்போது அவர்கள் வீட்டைக் காப்பாற்றியது. உண்மையான ஜெர்மன் கிராமங்களான சுடிட்சேயும் ட்ர்ஷெபோமும் காலி செய்யப்பட்டன, புதியவர்கள் குடியேற்றப்பட்டார்கள். இந்த இரண்டு ஊர்களை மட்டும் பார்த்தால் ஹ்லுச்சீன் கதை மற்றச் சுடெட்டன் ஊர்களின் கதை போலவே இருக்கும்.

தங்கியவர்களுக்கும் வாழ்க்கை இனிக்கவில்லை. போர்க்கைதி முகாம்களிலிருந்து ஆண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், வந்ததும் விசாரணை. இறந்த மகனின் பெயரைக் கல்லில் பொறிக்க முடியாது, அவன் எதிரிப் படையில் இறந்தவன். ஜெர்மனியில் வேலைக்குப் போவது முடிந்த கதை. கம்யூனிஸ்ட் ஆட்சியில் அந்த ஆண்கள் ஓஸ்ட்ரவாவின் எஃகு ஆலைகளுக்கும் கட்டட வேலைக்கும் பஸ் ஏறினார்கள். தங்கள் கையாலேயே பெரிய வீடுகள் கட்டிக்கொண்டார்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனார்கள். இந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. 1960-இல் மாவட்டச் சீரமைப்பு நடந்தபோது ஹ்லுச்சீன் மாவட்டம் கலைக்கப்பட்டு, பெரும்பகுதி ஓபவா மாவட்டத்தில் கரைந்தது. பெட்ர்ஷ்கோவிட்சே போன்ற கிழக்கு ஊர்கள் இன்று ஓஸ்ட்ரவா நகரத்தின் பகுதிகள்.

1989-க்குப் பிறகு

சுவர் விழுந்ததும் பழைய தாள்கள் உயிர்பெற்றன. 1938-இல் கிடைத்த ஜெர்மன் குடியுரிமையை மேற்கு ஜெர்மனி 1955-இன் சட்டத்தில் செல்லும் என்று ஏற்றிருந்தது. அது வாரிசுகளுக்கும் போகும். தாத்தாவின் பிறப்புச் சான்றிதழையும் பழைய ராணுவக் குறிப்பேட்டையும் தேடி எடுத்த ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு நகராமலே ஜெர்மன் கடவுச்சீட்டு பெற்றார்கள். செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது 2004-இல்தான். அதற்கு முன்பே இவர்கள் ஜெர்மனியில் சட்டப்படி வேலை செய்ய முடிந்தது. மீண்டும் ஆண்கள் கட்டட வேலைக்கு ஜெர்மனி போனார்கள், மீண்டும் பெரிய வீடுகள் எழுந்தன. கொள்ளுத்தாத்தா போன அதே பாதை. பிராகாவின் பத்திரிகைகள் சில இதில் பழைய துரோகத்தின் வாடையை முகர்ந்தன. கிராமங்களின் போர் நினைவுத் தூண்களில் ஜெர்மன் ராணுவத்தில் இறந்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டபோது அந்தச் சலசலப்பு இன்னும் கூடியது. ஊர்க்காரர்களின் பதில் சுருக்கமானது: எங்கள் பிள்ளைகள், எங்கள் கல்.

இந்த ஆய்வுக்கு இயற்கையே ஓர் ஒப்பீட்டையும் வைத்திருக்கிறது. 1920-இல் எல்லை இன்னும் சில கிலோமீட்டர் வடக்கே போயிருந்தால் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு வந்திருக்கக்கூடிய மோராவியக் கிராமங்கள் ராட்டிபோர் பக்கத்தில் இருந்தன. க்ஷனோவிட்சே அவற்றில் ஒன்று. அதே பேச்சு, அதே ஓலோமோட்ஸ் ஆயர், அதே கொத்தனார் தொழில். அவை ஜெர்மனியிலேயே நின்று, 1945-இல் போலந்துக்குப் போயின. போலந்து அரசு அங்கிருந்தவர்களைச் சோதித்து, ஸ்லாவிய வேர் உள்ளவர்கள் என்று ஏற்றவர்களைத் தங்கவிட்டது. காரணம் மொழி, முறை மட்டும் வேறு. அந்த மக்களில் பலர் பிந்தைய ஆண்டுகளில் மேற்கு ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தார்கள், தங்கியவர்களில் ஒரு பகுதி இன்று போலந்தின் ஜெர்மன் சிறுபான்மையில் இருக்கிறது. செக் பள்ளியும் செக் அதிகாரியும் ஒருநாளும் எட்டிப்பார்க்காத அந்தக் கிராமங்களிலும் மக்கள் ஜெர்மன் பக்கமே சாய்ந்தார்கள் என்றால், ஹ்லுச்சீனின் சாய்வுக்கு 1920-க்குப் பிந்தைய செக் நிர்வாகத்தின் தவறுகளை மட்டும் காரணம் காட்டுவது சரியாகாது. அந்தத் தவறுகள் முன்பே இருந்த சாய்வைக் கெட்டிப்படுத்தின, அவ்வளவுதான்.

செக் பக்கத்துக்கும் போலந்துப் பக்கத்துக்கும் இடையே இருந்த எல்லைப் பூசல் 1958-இன் ஒப்பந்தத்தோடு முடிந்தது. மாவட்ட அலுவலகங்கள் 2002 முடிவில் செக் குடியரசெங்கும் மூடப்பட்டன. 2003 ஜனவரி முதல் அவற்றின் வேலையைச் சிறு நிர்வாக வட்டங்கள் ஏற்றபோது, பழைய ஹ்லுச்சீன் மாவட்டத்தின் பெரும்பகுதி ஹ்லுச்சீன், க்ராவர்ஷே என்ற இரண்டு நகரங்களுக்குக் கீழே பிரிக்கப்பட்டது. ஊர்கள் சேர்ந்து அமைத்த ஒன்றியமும் ஹ்லுச்சீன் அருங்காட்சியகமும் முழுப் பகுதியையும் இன்னும் ஒன்றாகவே நடத்துகின்றன. ஓஸ்ட்ரவாவிலிருந்து ஒரு பெண் அங்கே மருமகளாக வந்தால், பிரஷ்யாவுக்குள் வாழப் போனதாகவே ஊர் இன்றும் கிண்டல் செய்கிறது.